மனம் முதலில் வந்த பட்டியல்

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில், மூன்றாம் செக்டாரின் ஜேடி பிளாக்கில் அமைந்துள்ளது சத்யேந்திரநாத் போஸ் பெயரிலான அடிப்படை அறிவியல் தேசிய மையம். 2024 செப்டம்பர் 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மூன்று பரம் ருத்ரா மீக்கணினிகளுள் ஒன்று இங்கே நிறுவப்பட்டது. மற்ற இரண்டும் புணேக்கும் தில்லிக்கும் சென்றன. அன்றைய செய்திகளில் கணினியின் வேகம் பேசப்பட்டது, உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமிதம் பேசப்பட்டது. ஆனால் இத்தகைய எந்த மீக்கணினியிலும் கணக்குப் பெறும் ஆய்வு மாணவர் முதன்முதலாகக் காண்பது ஒரு கருந்திரையையும் அதில் துடித்துக்கொண்டிருக்கும் சுட்டியையும் மட்டுமே. அந்தச் சுட்டி தோன்றுவதற்கு முன்பாகச் சில கோப்புகள் ஓசையின்றி வாசிக்கப்பட்டு முடிந்திருக்கும். எந்த நிரல் எங்கே கிடைக்கும், எழுத்துகள் எந்த மொழிவிதிப்படி அடுக்கப்படும், புதிதாக உருவாகும் கோப்பை யார் யார் திறக்கலாம் என்பவற்றையெல்லாம் அக்கோப்புகளே தீர்மானித்திருக்கும். ஆய்வேடுகளின் முறையியல் இயலில் இவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

கட்டளைகளை வாங்கி இயக்குதளத்திடம் சேர்ப்பிக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1960களின் முற்பகுதியில் எம்.ஐ.டி.யில் இயங்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற கணினியமைப்புக்காக லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் ரன்காம் என்ற சிறு நிரலை எழுதினார். ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்த கட்டளைகளை எடுத்து நடத்துவது அதன் வேலை. ஷெல் என்ற சொல்லை இப்பொருளில் ஆண்டவரும் அவரே. ரன்காம் தேய்ந்து ஆர்சி ஆயிற்று. இன்றும் தொடக்கக் கோப்புகள் பலவற்றின் பெயர் அந்த ஈரெழுத்தில்தான் முடிகிறது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல், பயனர் நுழைந்தவுடன் அவரது வீட்டு அடைவிலுள்ள புரொஃபைல் என்ற கோப்பைப் படித்தது. சூழல் மாறிகள் என்ற ஏற்பாடும் அந்தப் பதிப்பில்தான் வந்தது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் தனக்கென வேறு கோப்புகளை வைத்துக்கொண்டது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் குனூ திட்டத்துக்காக எழுதிய பாஷ், பார்னின் மரபைப் பெரிதும் தழுவியது. இன்று லினக்ஸ் மீக்கணினிகளில் மாணவர் கையாள்வது பெரும்பாலும் இதுவே.

இக்கோப்புகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்குவதால் கோப்புப் பட்டியலில் தென்படுவதில்லை. இது திட்டமிட்ட மறைப்பன்று. நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ஆகிய இரு பெயர்களைப் பட்டியலிலிருந்து விலக்குவதற்காக, முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் சோம்பல் வழி ஒன்று தொடக்கக்காலத்தில் கையாளப்பட்டது; அதன் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின என்று யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் எழுதினார். தமிழிலும் புள்ளி ஓர் ஒலியை அடக்கும் குறிதான். இங்கே அது கோப்பையே அடக்கிவிட்டது.

பாஷின் வாசிப்பு முறையில் மாணவர்களை மிகவும் அலைக்கழிப்பது, ஒரே வீட்டுக்கு வாசல்கள் பல என்பது. தொலைவிலிருந்து புகுபதிகை செய்து நுழைந்தால் முதலில் நிர்வாகி எழுதிய பொதுக்கோப்பு வாசிக்கப்படும். பிறகு பயனரின் வீட்டில் பாஷ் புரொஃபைல், பாஷ் லாகின், புரொஃபைல் என்ற மூன்றை இவ்வரிசையில் தேடி, முதலில் அகப்படுவதை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். ஏற்கெனவே உள்நுழைந்தவர் வேறொரு முனையச் சாளரத்தைத் திறந்தால் அவற்றைத் தொடாமல் பாஷ்ஆர்சி என்ற கோப்பைப் படிக்கும். ஒரு நிரற்கோப்பைத் தனியே ஓடவிட்டாலோ இவற்றுள் எதையுமே படிக்காது. குறித்த நேரத்தில் வேலையை நடத்தும் கிரான் ஏற்பாடு மிகச் சிறிய சூழலோடுதான் இயங்கும். பகலில் கையால் ஓட்டியபோது ஒழுங்காக ஓடிய நிரல் நள்ளிரவில் கிரானின் கையில் ‘கட்டளை காணப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுவது இதனால்தான். இந்த விதிகள் யாவும் கையேட்டில் தெளிவாகவே உள்ளன. ஆயினும் கையேட்டைப் படித்து இதைக் கற்றவரைக் காண்பது அரிது. பெரும்பாலோர் இழப்பின் வழியாகவே கற்கின்றனர்.

பொதுக்கோப்பு முன்னும் வீட்டுக்கோப்பு பின்னும் வாசிக்கப்படுவதில் ஒரு சிறு அரசியல் உண்டு. நிறுவனம் முதலில் பேசுகிறது, தனிமனிதர் கடைசியில் பேசுகிறார். ஒரே மாறிக்கு இருவரும் மதிப்புத் தந்தால் கடைசிச் சொல்லே நிற்கும். நிர்வாகி எவ்வளவு கவனமாக ஒரு சூழலை அமைத்துத் தந்தாலும், வீட்டுக்கோப்பிலுள்ள ஒரு பழைய வரி அதைக் கவிழ்த்துவிட முடியும்.

அந்தப் பழைய வரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது. சால்ட் லேக்கின் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்த தமிழ் மாணவி ஒருவருக்கு, முதல் வாரத்திலேயே அண்ணன் முறையில் பழகிய மூத்த ஆய்வாளர் ஒருவர் தமது பாஷ்ஆர்சியை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது அவருடைய மூத்தவரிடமிருந்து கிடைத்தது. பல ஆய்வகங்களிலும் இதுவே வழக்கம். குடும்பத்தில் குழம்புப்பொடியின் அளவு கைமாறுவது போல, யாரும் விளக்கம் கேட்காமல் இக்கோப்பு கைமாறுகிறது. அதிலே என்றோ அகற்றப்பட்ட சேவையகத்தின் அடைவுப்பெயர்கள் இருந்தன. யாருமே இப்போது பயன்படுத்தாத ஒரு தொகுப்பியின் பழைய பதிப்புக்கு வழி காட்டும் வரிகள் இருந்தன. ‘இதைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லி, காரணம் சொல்லாத ஒரு குறிப்பும் இருந்தது. கல்வெட்டுப் படியெடுப்போருக்கு இவ்வகை அடுக்குகள் பழக்கமானவை. ஒரே கல்லில் மூன்று காலத்துக் கைகள்.

வங்காளச் சொற்களைச் சுருக்கப்பெயர்களாக வைத்திருந்த வரிகளும் அதில் இருந்தன. ‘பாரி’ என்று தட்டினால் வீட்டு அடைவுக்குப் போகும். பறம்புமலைத் தலைவனின் பெயர் இங்கே எப்படி வந்தது என்று அம்மாணவி வியந்ததும், அது வீட்டைக் குறிக்கும் வங்காளச் சொல் என்று பிறகு அறிந்ததும் அந்த ஆய்வகத்தில் சில நாள் சிரிப்பாக இருந்தன. ‘பாஷா’ என்று தட்டினால் தற்காலிகச் சேமிப்பிடத்துக்குப் போகும். வங்காளத்தில் பாரி என்பது சொந்த ஊர் வீடு. பாஷா என்பது பிழைக்க வந்த இடத்துக் குடியிருப்பு. மீக்கணினிகளில் தற்காலிகச் சேமிப்பிடம் காலக்கெடு வைத்துத் துடைக்கப்படுவது வழக்கம். எனவே இந்தப் பெயரிடல் மிகப் பொருத்தமானது. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. மொழியுணர்வு உள்ளவர் என்பது மட்டும் தெரிகிறது.

அம்மாணவியின் பணி சொற்றொகை சார்ந்தது. இரு காலத்துத் தமிழ் நூல்தொகுதிகளிலிருந்து தனித்தனியே சொற்பட்டியல் எடுத்து, இரண்டுக்கும் பொதுவான சொற்கள் எத்தனை என்று காண்பது அதன் ஒரு பகுதி. பட்டியல்களைத் தமது மடிக்கணினியில் தமிழ் மொழியமைப்பில் அகரவரிசைப்படுத்தி, பெரிய கணினிக்கு அனுப்பி, அங்கே ‘காம்’ என்ற ஒப்பிடும் கட்டளையை வேலைவரிசையில் இட்டார். பொதுச்சொற்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தன. ஆய்வில் எதிர்பாராத எண் வந்தால் அதற்குப் பொருள் தேடுவது இயல்பு. இரண்டு காலங்களுக்கிடையில் சொல்வளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒரு பத்தியும் எழுதப்பட்டது. பத்தி நன்றாகவே இருந்தது. நெறியாளர் மட்டும் ஐயம் கொண்டார்; அவரது ஐயமோ சொற்களைப் பிரித்த முறையின் மேல் விழுந்தது. இரு வாரங்கள் அந்தப் பிரிப்பைச் சரிபார்ப்பதில் போயின. பிரிப்பில் பிழையில்லை.

பிழை பாஷ்ஆர்சியின் நடுவே ஒரு வரியில் இருந்தது. எல்சி-ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்ற ஓரெழுத்து மதிப்பை அது தந்திருந்தது. சி என்பது மொழி எதையும் கருதாமல் எழுத்துகளைப் பைட்டுகளாக மட்டும் காணும் அமைப்பு. அதில் அடுக்குதல் விரைவாக நடக்கும் என்பதால் பெரிய எண்கோப்புகளோடு வேலை செய்த முந்தைய மாணவர் யாரோ அதை எழுதி வைத்திருக்க வேண்டும். அவருக்கு அது சரியான வரிதான். மொழி, வரிசை, எண்வடிவம் முதலியவற்றுக்கான தனித்தனி மாறிகள் அனைத்தையும் எல்சி-ஆல் ஒருசேர மேலோங்கிவிடும் என்பதால், அம்மாணவி லாங் என்ற மாறியில் தமிழை அமைத்திருந்தும் பயனில்லாமற் போயிற்று.

இதன் விளைவைத் தமிழ் எழுத்தைக் கொண்டு பார்த்தால்தான் விளங்கும். மயில், மரம், மலை, மழை, மனம் என்பது அகராதி வரிசை. யகர ரகர லகர வகர ழகர ளகரங்களுக்குப் பின்னரே றகரமும் னகரமும் வரும் என்பது நாம் பள்ளியில் கற்ற ஒழுங்கு. யூனிகோடின் குறியெண் வரிசையோ வேறு. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. எனவே குறியெண் வரிசையில் மனம், மயில், மரம், மலை, மழை என்றாகும். கடைசியில் நின்ற மனம் முதலில் வந்துவிடும். இந்த அடுக்கு இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையிலிருந்து வந்தது. எல்லா எழுத்துமுறைகளுக்கும் ஒரே கட்டம் போட்டு, அந்தந்த மொழிக்கு இல்லாத இடங்களை வெறுமையாக விட்டார்கள். வங்காளப் பகுதியில் னகரத்துக்கும் றகரத்துக்கும் நேரான கட்டங்கள் இன்றும் காலியாகவே கிடக்கின்றன. கொல்கத்தாவில் வங்காளத் தரவோடு வேலை செய்பவருக்கு அதனால் இந்தச் சிக்கல் தோன்ற வாய்ப்பில்லை. தமிழோடு வேலை செய்பவருக்குத் தோன்றும்.

காம் கட்டளை இரு பட்டியல்களையும் மேலிருந்து கீழாக இணையாகப் படித்துச் செல்லும். இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன, அந்த வரிசை தன் சூழலின் வரிசையே என்று அது நம்புகிறது. மனம் இரு பட்டியலிலும் இருக்கிறது, மழை முதற்பட்டியலில் மட்டும் இருக்கிறது எனக் கொள்வோம். ஓரிடத்தில் ஒருபுறம் மழையும் மறுபுறம் மனமும் எதிரெதிரே வந்து நிற்கும். சி அமைப்பில் மனமே முந்தியது. ஆகவே முதற்பட்டியலில் இனி மனம் வர வழியில்லை என்று முடிவுசெய்து, அதை இரண்டாம் பட்டியலுக்கு மட்டுமே உரிய சொல்லாக எழுதிவிட்டு மேலே செல்லும். அடுத்த வரியிலேயே முதற்பட்டியலில் மனம் வருகிறது. ஆனால் துணை கடந்துபோய்விட்டது. அது முதற்பட்டியலுக்கு மட்டும் உரிய சொல்லாகிவிடும். பொதுச்சொல் ஒன்று இவ்வாறு இரண்டு தனிச்சொற்களாகப் பிளந்துபோகிறது. னகரம் வரும் சொற்கள் தமிழில் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும்.

பட்டியல் வரிசையில் இல்லை என்ற எச்சரிக்கையைக் கட்டளை எழுதத்தான் எழுதியது. ஆனால் வேலைவரிசையில் ஓடும் பணிகளின் எச்சரிக்கைகள் திரைக்கு வருவதில்லை. பல இடங்களில் பிழைக்கோப்பு என்ற தனிக்கோப்புக்குப் போகின்றன. விடைக்கோப்பு நிரம்பியிருக்கும்போது பிழைக்கோப்பைத் திறப்பவர் யார்?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேலைவரிசையில் ஓடும் நிரற்கோப்பு பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை என்று மேலே கூறப்பட்டது. அப்படியானால் அதிலுள்ள வரி அங்கே எவ்வாறு சென்றது? மீக்கணினிகளில் பரவலாக உள்ள ஸ்லர்ம் என்ற வேலை மேலாளர், பணியை ஒப்படைத்த ஷெல்லின் சூழல் மாறிகளை, வேறுவிதமாகச் சொல்லாதவரை, பணியோடு சேர்த்து அனுப்பிவிடும். மாறிகள் செல்லும், பாரி, பாஷா போன்ற சுருக்கப்பெயர்கள் செல்லா. தாய்ச்செயலி தன் சூழலின் ஒரு படியைச் சேய்ச்செயலிக்குத் தருகிறது. சேய் அதை மாற்றினாலும் தாய்க்கு அது தெரியாது. கீழ்நோக்கி மட்டுமே ஓடும் மரபுரிமை இது. கோப்பைத் தேடினால் தொடர்பில்லை என்று தோன்றும், ஆனால் தொடர்பு இருக்கும். அம்மாணவி இரு வாரம் தேடியும் காணாததற்கு இதுவும் காரணம்.

மொழியியலாருக்கு இதில் வியப்பு இருக்க வேண்டியதில்லை. அக்கா, தங்கம், அகம் என்ற மூன்றிலும் ககரம் எழுதப்படுவது ஒன்றே. ஒலிப்பது மூன்று விதம். அது நிற்கும் சூழல் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று முதலாண்டு வகுப்பிலேயே கற்பிக்கிறோம். கட்டளையும் ககரம் போன்றதே. எழுதப்பட்ட வடிவத்தை மட்டும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தந்துவிட்டுச் சூழலைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் அதை எப்படி ஒலிப்பார்? ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து எத்தனை என்ற கேள்விக்கே விடை மாறும். இலக்கணம் மூன்று என்னும். யூனிகோடு அமைப்பில் எழுத்தெண்ணும் கட்டளை ஐந்து என்னும். சி அமைப்பில் அதே கட்டளை பதினைந்து என்னும். சராசரிச் சொல்நீளம் பற்றிய ஓர் அட்டவணையை இம்மூன்றில் எதைக் கொண்டும் போடலாம். எதைக் கொண்டு போட்டது என்பதை எழுதாமலும் விடலாம்.

சூழல் மாறிகள் கள்ளமற்றவை என்ற எண்ணமும் நீடிக்கவில்லை. சார்புகளின் வரையறையைச் சூழல் மாறியில் ஏற்றிச் சேய்க்கு அனுப்பும் வசதி பாஷில் இருந்தது. அதன் வாலில் ஒட்டிவரும் கட்டளைகளையும் பாஷ் இயக்கிவிடுகிறது என்பதை ஸ்தெஃபான் ஷாஸலா கண்டறிய, 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற பெயரில் அது உலகெங்கும் அச்சமூட்டியது. அக்குறை பல ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது.

ஆபத்தில்லாத வகைத் தொல்லைகளும் உண்டு. தமிழ் மாணவர் சிலருக்கு முனையம் திறக்கும்போதெல்லாம் ஒரு குறள் தோன்ற வேண்டும் என்ற ஆசை வரும். பாஷ்ஆர்சியின் முதல் வரியில் அதை அச்சிடச் சொன்னால் போதும். திரையில் குறள் அழகாகத் தோன்றும். ஆனால் அன்றிலிருந்து அக்கணக்குக்குக் கோப்பு அனுப்ப முடியாமற் போகலாம். தொலைவிலிருந்து கோப்பு வாங்கும் நிரலைத் தொடங்கும் முன்னும் பல சேவையகங்களில் பாஷ்ஆர்சி வாசிக்கப்படுகிறது. அப்போதும் குறள் அச்சாகிறது. மறுமுனையில் உள்ள எஸ்எஃப்டிபி நிரலோ முதல் நான்கு பைட்டுகளை வரப்போகும் செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொள்ளும். முதற்குறளாக இருந்தால் முதலெழுத்து அகரம். அதற்கு மூன்று பைட்டு, அடுத்த தமிழெழுத்தின் முதல் பைட்டோடு நான்கு. அந்நான்கையும் ஓர் எண்ணாக வாசித்தால் 3,769,533,920 வரும். இவ்வளவு நீளமான செய்தியை ஏற்க முடியாது என்று சொல்லி இணைப்பு அறுந்துவிடும். எழுத்துகளின் முதலைக் கணினி ஏறத்தாழ 377 கோடியாகக் கண்ட கதை இது. மருந்து எளிது: பேசுவதற்கு எதிரே ஆள் இருக்கிறாரா என்று முதலில் சோதித்து, இல்லையெனில் கோப்பை அங்கேயே முடித்துக்கொள்ளச் செய்யும் ஒரு வரி. டெபியன், உபுண்டு ஆகியவை தரும் பாஷ்ஆர்சியில் அது தொடக்கத்திலேயே இருக்கிறது. குறளை அதற்குக் கீழே இட வேண்டும்.

வீட்டுக்கோப்பின் பாரத்தைக் குறைக்கும் முயற்சிகள் பழையவை. ஜான் ஃபர்லானி 1991இல் விவரித்த மாட்யூல் முறை, தேவையான மென்பொருளின் சூழலைத் தேவையானபோது ஏற்றவும் இறக்கவும் வழிசெய்தது; மீக்கணினி மையங்கள் பலவும் அதையோ அதன் வழித்தோன்றல்களையோதான் பயன்படுத்துகின்றன. நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, பெயரும் பதிப்பும் சொல்லிக் கேட்க வேண்டும். சால்ட் லேக்கிலேயே இன்னும் கடுமையான முறையும் நடக்கிறது. முதல் செக்டாரின் ஏஎஃப் பிளாக்கில் உள்ள மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம், செர்னில் நடக்கும் ஆலிஸ் பரிசோதனையின் இரண்டாம் அடுக்குக் கணினி மையங்களுள் ஒன்று. அவ்வலையமைப்பில் விடப்படும் பணி எந்த நாட்டு மையத்தில் ஓடும் என்பது விடுத்தவருக்கே முன்கூட்டித் தெரியாது. அங்கே அவருக்கு வீட்டு அடைவு இல்லை, பாஷ்ஆர்சியும் இல்லை. எனவே சூழல் முழுவதையும் பதிப்பெண்ணோடு பணியிலேயே குறிப்பிட்டாக வேண்டும். மென்பொருள் எல்லா மையங்களுக்கும் பொதுவான படிக்க மட்டுமான கோப்பமைப்பிலிருந்து வரும். இயற்பியலார் இதை அறநெறியாகக் கொண்டு செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தார்கள். மொழித்தரவு ஆய்வில் நமக்கு இன்னும் வேறு வழி இருந்துகொண்டே இருக்கிறது.

சால்ட் லேக்கின் முகவரி முறையும் இதற்கு ஒத்தது என்று அங்கே வாழ்ந்தவர் சொல்வர். உப்பேரிச் சதுப்பை ஹூக்ளியின் வண்டலால் மேடாக்கி எழுப்பிய அந்நகரத்தில் செக்டார், ஈரெழுத்து பிளாக், மனை எண் என்று சொன்னால் இடம் ஐயமின்றிக் கிடைக்கும். பாத் என்ற சூழல் மாறியை நம்பி வெறும் நிரற்பெயரைத் தட்டுவதோ, ‘மிட்டாய்க்கடை எங்கே’ என்று வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே போவது. முதலில் கைகாட்டுபவர் சொல்லும் கடைக்குத்தான் போய்ச் சேர்வோம். பைத்தான் என்று கேட்டவருக்கு அடைவுகளின் வரிசையில் முதலில் எது இருந்ததோ அந்தப் பைத்தான் கிடைக்கும்.

மொழியமைப்பின் பெயரைச் சொல்வதும்கூட முழு விடையாகாது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த குனூ சி நூலகத்தின் 2.28ஆம் பதிப்பு அடுக்குவரிசை விதிகளைப் பெருமளவில் புதுப்பித்தது. பெயர் அதே, வரிசை வேறு. பழைய வரிசையில் கட்டப்பட்ட தரவுத்தளச் சுட்டிகள் பல அதனால் பழுதாயின. ஆகவே பெயரோடு பதிப்பும் வேண்டும்.

அம்மாணவியின் கணக்கில் அந்த வரி இப்போது இல்லை. பட்டியலை அடுக்குவதும் ஒப்பிடுவதும் ஒரே நிரற்கோப்பில் அடுத்தடுத்து நடக்கின்றன. எல்சி-ஆல் சி என்ற அதே வரி அக்கோப்பின் தலையில், எல்லோரும் காணும்படி இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வேண்டியது இரு பக்கமும் ஒரே வரிசை என்பது மட்டுமே, அது அகராதி வரிசையாக இருக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் சொல்லடைவை மட்டும் இறுதியில் தமிழ் வரிசைக்கு மாற்றிக்கொள்கிறார். சொல்வள மாற்றம் பற்றிய அந்தப் பத்தி நீக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் தந்த ஆய்வேட்டு வார்ப்புருவில் சூழலைக் குறிப்பதற்கு இடம் எதுவும் இல்லாததால், மூன்றாம் இயலின் முதல் அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் மொழியமைப்பின் பெயரும் நூலகப் பதிப்பும் கொடுக்கப்பட்டுள்ளன. பாரியும் பாஷாவும் கோப்பில் அப்படியே இருக்கின்றன. சென்ற மாதம் சேர்ந்த புதிய மாணவருக்கு அக்கோப்பின் நகல் கொடுக்கப்பட்டது, இம்முறை ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறிப்புடன். ‘இதைத் தொடாதே’ என்ற வரிக்கு மட்டும் இன்னும் குறிப்பு எழுத முடியவில்லை.